கொழும்பில் இயங்கும் தொண்டு நிறுவனங்களுக்குச் சமூக ஊடகக் காணொளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, தெமட்டகொடை, வெள்ளவத்தை எனக் கொழும்பின் பல பகுதிகளில் தமிழில் பணியாற்றும் சிறிய அமைப்புகள் பல உள்ளன. முன்பள்ளி நடத்துவோர், தையல் வகுப்பு நடத்துவோர், மாற்றுத்திறனாளிகளுக்கான நிலையங்களை வைத்திருப்போர், வீட்டுப் பணிப்பெண்களின் உரிமைக்காக உழைப்போர் எனப் பணி வேறுபட்டாலும், காணொளி எடுக்கத் தொடங்கும்போது எல்லோரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் கீழே தரப்பட்டுள்ளன. கருவிகளைவிட மனிதர்களைப் பற்றிய கேள்விகளுக்கு நீண்ட பதில்கள் இருப்பதற்குக் காரணம், தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றன என்பதே.

எங்கள் அமைப்பில் முழுநேரமாக மூன்று பேர்தான் இருக்கிறோம். காணொளி எங்களுக்கு அவசியமா?

எல்லா அமைப்புகளுக்கும் அவசியமில்லை. உங்கள் செலவு முழுவதையும் ஒரே நிதி வழங்குநர் ஏற்றுக்கொள்கிறார், பயனாளிகளும் பிரதேச செயலகத்தின் ஊடாகவே உங்களிடம் வருகிறார்கள் என்றால், ஒழுங்காக எழுதப்பட்ட ஆண்டறிக்கையும் உயிரோடிருக்கும் ஒரு முகநூல் பக்கமும் போதும். ஆனால், உங்கள் சேவை இருப்பதையே அறியாதவர்களை அடைய வேண்டியிருந்தாலோ, சிறு தொகை அனுப்பும் பலரை நம்பி நீங்கள் இயங்கினாலோ, அயலவர்கள் உங்கள் பணியைத் தவறாக விளங்கிக்கொண்டிருந்தாலோ காணொளி எழுத்தைவிட விரைவாகப் பலன் தரும். தமிழ் பேசினாலும் சிங்கள மொழிமூலம் படித்ததால் தமிழ் எழுத்தைத் தடையின்றி வாசிக்க முடியாத இளைஞர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துண்டுப்பிரசுரத்தால் பயனில்லை. பேச்சுத் தமிழில் அமைந்த ஒன்றரை நிமிடக் காணொளி அவர்களைச் சென்றடையும்.

மாதத்துக்கு ஒன்று போதும். பொங்கல், தீபாவளி, நோன்புப் பெருநாள், வெசாக் என எல்லா நாளுக்கும் அமைப்பின் இலச்சினை பதித்த வாழ்த்துப் படத்தை வெளியிடுவதில் செலவாகும் உழைப்பை நிறுத்தினாலே அந்த ஒன்றுக்கான நேரம் கிடைத்துவிடும்.

பல நூறு பேருக்கு உதவுகிறோம். ஒருவரின் கதையை மட்டும் சொல்வது மற்றவர்களை மறைப்பதாகாதா?

ஒருவரின் கதைதான் கேட்பவரிடம் நிற்கிறது. டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவன்ஸ்டைன், போல் ஸ்லோவிக் ஆகிய மூவரும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவதாகும். ஆபிரிக்காவில் பசியால் வாடும் ஒரு சிறுமியைப் பற்றிய குறிப்பை வாசித்தவர்கள், இலட்சக்கணக்கானோரின் பசியைப் பற்றிய புள்ளிவிவரத்தை வாசித்தவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பணத்தைக் கொடுத்தார்கள். சிறுமியின் குறிப்போடு அதே புள்ளிவிவரத்தையும் சேர்த்து வழங்கியபோது தொகை மீண்டும் குறைந்துவிட்டது. ஆகவே எண்ணிக்கைகளைக் காணொளிக்குள் திணிக்காமல், கீழேயுள்ள விவரக் குறிப்பில் எழுதுங்கள்.

இந்த ஆய்வைத் தவறாகப் பயன்படுத்தவும் முடியும். 'ஒருவர்' என்றவுடன் எல்லாரிலும் அதிகம் அழக்கூடியவரைத் தேடிப் போகும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. அழுபவரைவிட, ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருப்பவரைத் தேடுங்கள். எடுத்துக்காட்டாக, கொழும்பில் 'தோட்டம்' என்று அழைக்கப்படும் பழைய நெருக்கமான குடியிருப்புகளிலிருந்து தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திட்டத்தின் வரலாறு, இணைப்பாளரின் உரை, கட்டடத்தின் முழுத் தோற்றம் என்று தொடங்கினால் பத்தாவது விநாடியில் பார்வையாளர் விலகிவிடுவார். அதற்குப் பதிலாக, பன்னிரண்டாம் மாடியில் விடியற்காலை நான்கு மணிக்கு இடியப்பம் அவிக்கும் ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குங்கள். இடியப்பப் பானையிலிருந்து ஆவி எழுகிறது. இடியப்பங்களைத் தட்டுத் தட்டாக எடுத்து, துணியால் மூடிக் கூடையில் அடுக்குகிறார். மின்தூக்கி பழுது என்பதால் கூடையை இடுப்பில் வைத்தபடி படியிறங்குகிறார். முன்பு வீட்டு வாசலிலேயே நடந்த வியாபாரம் இப்போது எத்தனை படிகளுக்கு அப்பால் இருக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது. உங்கள் அமைப்பு அந்தக் கதைக்குள் எங்கே வருகிறது என்பதை இறுதியில் ஓரிரு வாக்கியங்களில் சொன்னால் போதும்.

உதவி வழங்கும் காட்சியை எடுக்கலாமா? வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புபவர்கள் அதைத்தானே சான்றாகக் கேட்கிறார்கள்?

எடுக்காதீர்கள் என்பதே எங்கள் பதில். சான்று வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

ஏழைக் குடும்பமொன்றின் வாசலில் நின்று அவர்களது வறுமையை விசாரித்து, அவர்களை அழவைத்து, இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் ஒருவர் அனுப்பிய பணத்தைக் கமராவுக்கு முன்னால் எண்ணிக் கொடுக்கும் யூடியூப் காணொளிகள் நம் நாட்டில் பெரும் பார்வையாளர்களைப் பெற்றிருக்கின்றன. அதே அளவுக்குக் கண்டனத்தையும் பெற்றிருக்கின்றன. அந்தக் காணொளியைப் பார்ப்பவர்களில் அக்குடும்பத்தின் அயலவர்களும், பிள்ளையின் வகுப்புத் தோழர்களும், நாளைக்குப் பெண் கேட்டு வரக்கூடிய உறவினர்களும் இருக்கிறார்கள். வாங்கிய அரிசி ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும். காணொளி ஆண்டுக்கணக்கில் இணையத்தில் கிடக்கும். பிள்ளையின் பெயரைத் தேடினால் முதலில் அதுவே வந்து நிற்கும்.

இது நம்மிடம் மட்டும் உள்ள நோயன்று. 2012ஆம் ஆண்டில் நோர்வே மாணவர்களின் உதவி அமைப்பொன்று, குளிரில் வாடும் நோர்வே மக்களுக்காக ஆபிரிக்கர்கள் இரக்கப்பட்டு வெப்பமூட்டிகளைச் சேகரித்து அனுப்புவதாக ஒரு கேலிக் காணொளியை வெளியிட்டது. இரக்கத்தைத் தூண்டும் விளம்பரங்கள் ஒரு கண்டத்தையே கையேந்தும் முகமாக்கிவிட்டதைச் சிரிக்க வைத்தபடியே அது சுட்டிக்காட்டியது.

பணம் அனுப்புபவரின் ஐயம் நியாயமானது என்பதையும் மறுக்கக்கூடாது. ஏமாற்றுகள் நடந்திருக்கின்றன. ஆனால் அழும் முகம் எதற்கும் சான்றாகாது. பணம் உரிய தொகையில் உரிய பொருளாக மாறியதா என்பதை அது காட்டுவதேயில்லை. கடைப் பற்றுச்சீட்டு, பொருட்கள் அடுக்கப்பட்ட மேசை, பெயர்ப் பகுதி மறைக்கப்பட்ட கையொப்பத் தாள், காலாண்டுக் கணக்கறிக்கை ஆகியவையே சான்று. அனுப்பியவருக்கு வட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: "வணக்கம் அண்ணா. நீங்கள் அனுப்பிய பணத்தில் 14 பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பை வாங்கினோம். கடைப் பற்றுச்சீட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறோம். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை நாங்கள் யாருக்கும் அனுப்புவதில்லை. அது எங்கள் ஒழுங்கு. அடுத்த முறை கொழும்புக்கு வரும்போது அக்காவையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வாருங்கள், நேரில் பார்க்கலாம்." இதை வாசித்துவிட்டு விலகிப்போகும் ஓரிருவர் இருக்கக்கூடும். அவர்களைப் போகவிடலாம்.

சம்மதப் படிவத்தில் கையொப்பம் வாங்கியிருக்கிறோம். அது போதாதா?

படிவம் அமைப்பைப் பாதுகாக்கிறது. படம்பிடிக்கப்பட்டவரைப் பாதுகாப்பதற்கு வேறு சில ஏற்பாடுகளும் தேவைப்படுகின்றன.

முதலாவதாக, யார் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உலருணவுப் பொதிக்கான பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கும் கள உத்தியோகத்தரே வந்து, "அம்மா, ஒரு சின்ன வீடியோ எடுக்கலாமா?" என்று கேட்டால், அந்த அம்மாவால் எப்படி மறுக்க முடியும்? உதவியைத் தீர்மானிப்பதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரே கேட்க வேண்டும். மறுத்தாலும் கிடைப்பது எதுவும் நின்றுவிடாது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். காணொளி எங்கெங்கே வெளியாகும், யார் பார்ப்பார்கள், பகிரப்பட்ட பிரதிகளைத் திரும்பப் பெற முடியாது என்பவற்றையும் விளக்க வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது கொழும்பில் சர்வசாதாரணமாகிவிட்டது. தமிழிலோ சிங்களத்திலோ வாசித்துக் காட்டி, ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். கையொப்பமிடத் தயங்குபவரிடம் வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாவது ஏற்பாட்டை நாங்கள் மிகவும் வலியுறுத்துகிறோம். தொகுத்து முடித்த காணொளியை, நிதி வழங்குநருக்கும் பணிப்பாளருக்கும் அனுப்புவதற்கு முன்னர், அதில் தோன்றுபவருக்குக் காட்டுங்கள். அதைத் தன் வீட்டாரோடும் பக்கத்து வீட்டாரோடும் சேர்ந்து பார்க்க அவர் விரும்புவாரா என்று கேளுங்கள். "அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்று அவர் சொல்லும் இடம் பெரும்பாலும் கணவரைப் பற்றியதாகவோ கடனைப் பற்றியதாகவோ இருக்கும். காணொளியின் உணர்ச்சி மிக்க இடமும் அதுவாகவே இருக்கக்கூடும். எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு படிக்காக வெளியீடு ஒரு வாரம் பிந்தினாலும் பரவாயில்லை.

சட்டமும் இதே திசையில்தான் நகர்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம், மதம் போன்ற விவரங்களையும் சிறுவர்களின் தரவுகளையும் தனிக் கவனத்துக்குரிய வகையாகக் கருதுகிறது. சட்டத்தின் பகுதிகள் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருகின்றன என்பதைக் காரணம் காட்டிக் காத்திருக்காமல், இப்போதே பதிவேடுகளை ஒழுங்குபடுத்துவது நல்லது.

சிறுவர்களை எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோரின் அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். பிள்ளையின் விருப்பமும் வேண்டும். பாடசாலைக்குள் எடுப்பதற்கு அதிபரின் வாய்மொழி அனுமதியை மட்டும் நம்பாதீர்கள்.

பிள்ளையின் பெயர், பாடசாலை, வசிக்கும் இடம் ஆகிய மூன்றும் ஒரே காணொளியில் சேரக்கூடாது. பெயரை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியடைபவர்கள், சட்டைப் பையிலுள்ள பாடசாலைச் சின்னத்தையும் கழுத்துப்பட்டியின் நிறத்தையும் மறந்துவிடுகிறார்கள். கொழும்பில் கழுத்துப்பட்டியைப் பார்த்தே பாடசாலையைச் சொல்லிவிடக்கூடியவர்கள் ஏராளம். மேசைமேல் கிடக்கும் மின்சாரப் பட்டியல், சுவரில் தொங்கும் சான்றிதழ், யன்னலுக்கு வெளியே தெரியும் கோபுரம் அல்லது பள்ளிவாசல் மினாரா ஆகியவையும் முகவரியைச் சொல்லிவிடும்.

துன்புறுத்தலுக்கு உள்ளான பிள்ளையின் கதையை முகத்தை மறைத்துக்கூடக் காணொளியாக்க வேண்டாம். பாலியல் குற்றத்தினால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவது நம் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றமாகும். அத்தகைய விடயமொன்று படப்பிடிப்பின்போது தெரியவந்தால், கமராவை நிறுத்திவிட்டுத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அறிவிப்பதே முதல் வேலை.

முகத்தைக் காட்ட விரும்பாத வயதுவந்தோரின் கதையை எப்படிச் சொல்வது?

கைகள் நிறையப் பேசும். பாத்திரம் கழுவும் கை, தையல் இயந்திரத்தில் துணியை நகர்த்தும் விரல், கடன் புத்தகத்தைப் புரட்டும் விரல் ஆகியவற்றோடு அவரது சொற்களை வேறொருவரின் குரலில் சேர்த்தால் போதும். முகத்தைப் பின்னர் மங்கலாக்கலாம் என்று எடுத்துவைப்பதைவிட, முகம் வராமலே எடுப்பது பாதுகாப்பானது. மங்கலாக்கப்படாத மூலப் பதிவு யாருடைய கைபேசியிலாவது தங்கிவிடும். மூலக் கோப்புகளை அனுப்பும்போது அவற்றோடு எடுக்கப்பட்ட இடத்தின் விவரமும் போகக்கூடும் என்பதால், படம்பிடிக்கும் முன்னரே கைபேசிக் கமராவின் இட அறிதலை நிறுத்திவையுங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பது? எல்லோரும் "உதவி செய்த நிறுவனத்துக்கு நன்றி" என்றே சொல்கிறார்களே.

நன்றி சொல்ல வைக்கும் கேள்வியைக் கேட்டால் நன்றியே பதிலாக வரும். "எங்கள் திட்டத்தால் உங்கள் வாழ்க்கை எப்படி மாறியது?" என்ற கேள்விக்கு உண்மையான பதில் கிடைத்து நாம் அரிதாகவே கண்டிருக்கிறோம். "நேற்றுக் காலையில் எழும்பியதிலிருந்து என்னென்ன செய்தீர்கள், அக்கா?" என்று கேளுங்கள். பணம், பிள்ளைகள், பயணம், உடல்நலம் எல்லாம் அந்தப் பதிலுக்குள் தாமாகவே வந்துவிடும். "இந்த வேலையில் மற்றவர்களுக்குத் தெரியாத கஷ்டம் எது?", "இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்பனவும் நல்ல கேள்விகள். அவர் பேசி முடித்ததும் உடனே அடுத்த கேள்விக்குப் போகாமல் சற்றுக் காத்திருந்தால், பெரும்பாலும் அவரே இன்னொரு வாக்கியத்தைச் சேர்ப்பார். தொகுப்பில் கடைசியில் தங்குவது அதுவாகவே இருக்கும்.

பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். மலையகத்திலிருந்து வந்தவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், கொழும்பிலேயே பிறந்த முஸ்லிம் பெண் எனக் கொழும்பில் தமிழ் பல விதமாகப் பேசப்படுகிறது. அதைச் செய்தி வாசிப்பாளரின் தமிழாக்கிப் பேசச் சொன்னால் பேசுபவர் விறைத்துப்போவார்.

நல்ல கமரா வாங்க வேண்டுமா?

வேண்டாம். கையிலுள்ள கைபேசி போதும். பணத்தை ஒலிவாங்கியில் போடுங்கள்.

படம் சற்றுத் தெளிவற்றிருந்தால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்காவிட்டால் போய்விடுவார். கொழும்பு வீட்டில் ஒலிப்பதிவு என்பது தனிக் கலை. முதலில் மின்விசிறியை நிறுத்த வேண்டும்; வியர்க்கும் என்பதால் ஐந்தைந்து நிமிடமாக எடுத்து இடையில் மீண்டும் போட்டுக்கொள்ளலாம். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் நம் காதுக்குப் பழகிவிட்டதால் தெரியாது, பதிவில் தெரியும். வெள்ளவத்தையின் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் புகையிரதம் போகும்வரை நிறுத்திவைக்க வேண்டும். காகங்களை ஒன்றும் செய்ய முடியாது. மாலையில் பாண்கார ஓட்டோ பீத்தோவனின் மெட்டை ஒலித்தபடி வந்து நின்றால், போய் ஒரு மாலு பாண் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து தொடர்வதே உத்தமம்.

சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கியைச் சேலை மடிப்பிலோ முந்தானையிலோ குத்தினால் துணி உராயும் சத்தம் வரும். மடிப்பு அசையாத இடத்தைப் பார்த்துக் குத்தி, ஒரு நிமிடம் பேசவைத்துக் காதொலிப்பானில் கேட்டுப்பாருங்கள். வெளிச்சத்துக்குத் திறந்த கதவு போதும்: பேசுபவரின் முகம் கதவைப் பார்க்க வேண்டும், கமரா கதவுப் பக்கம் இருக்க வேண்டும். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அனுமதி தேவை. அதைப் பறக்கவிட்டு எடுக்கும் கூரைகளின் காட்சி உங்கள் கதைக்கு எதையும் சேர்க்கப்போவதுமில்லை.

எந்தத் தளத்தில், எவ்வளவு நீளத்தில் வெளியிடுவது?

யாரை அடைய வேண்டும் என்பதைப் பொறுத்தது. நாற்பது வயதைக் கடந்தவர்களும் புலம்பெயர்ந்த உறவினர்களும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் இருக்கிறார்கள். இளைஞர்கள் டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும் இருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடிக்கப்பட வேண்டிய, நீண்டகாலம் பயன்படும் காணொளிக்கு யூடியூப் பொருத்தம். செங்குத்தாக, 9:16 என்ற அளவில் எடுத்தால் கைபேசித் தளங்கள் எல்லாவற்றிலும் பொருந்தும். யூடியூபின் குறுங்காணொளிகளுக்கு (ஷோர்ட்ஸ்) 2024 ஒக்டோபர் முதல் மூன்று நிமிடம்வரை இடமுண்டு. அந்த இடம் முழுவதையும் நிரப்ப வேண்டியதில்லை. ஒருவரின் கதைக்குத் தொண்ணூறு விநாடி தாராளம்.

நேரத்தைப் பொறுத்தவரை, கொழும்பில் இரவு எட்டரை மணி என்பது ரொறன்ரோவில் பருவத்துக்கேற்ப முற்பகல் பத்து அல்லது பதினொன்று, இலண்டனில் பிற்பகல் மூன்று அல்லது நான்கு. மூன்று ஊரிலும் மக்கள் விழித்திருக்கும் நேரம் அது.

எந்த மொழியில்?

பேசுபவரின் மொழியில். துணைத்தலைப்பு மட்டும் மற்ற இரு மொழிகளிலும் வர வேண்டும். ஆங்கிலத் துணைத்தலைப்பை நிதி வழங்குநருக்காக எல்லோரும் போடுகிறார்கள்; சிங்களத் துணைத்தலைப்பைப் போடுபவர்கள் குறைவு. கொழும்பில் உங்கள் பயனாளியின் அயலவரும், கிராம உத்தியோகத்தரும், வைத்தியசாலைத் தாதியும் சிங்களம் பேசுபவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை நினைத்தால், எங்கள் தெரிவு சிங்களத்துக்கே முதலிடம் தரும். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாமல், இரண்டு மொழியும் அறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

பேருந்தில் ஒலியை நிறுத்திவைத்துப் பார்ப்பவர்களும் செவிப்புலன் குறைந்தவர்களும் இருப்பதால் தமிழ்த் துணைத்தலைப்பும் தேவை. நம் சொற்கள் நீளமானவை என்பதால் வரிக்கு நான்கைந்து சொற்களுக்கு மேல் வைக்காதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: கொழும்பு அலுவலகங்களில் இன்னும் யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். அதைத் தொகுப்புச் செயலியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியலாக வந்து நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். சில செயலிகளில் கொம்பும் காலும் இடம் மாறி விழுவதுண்டு. வெளியிடும் முன் ஒருமுறை முழுமையாக வாசித்துப் பாருங்கள்.

பின்னணி இசை?

திரைப்படப் பாடலைப் போட்டால் உரிமைக் கோரிக்கை வந்து காணொளி முடக்கப்படலாம். யூடியூபின் இலவச ஒலி நூலகத்தில் தேவையானது கிடைக்கும். சோக வயலினை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவினால் உருவாக்கிய படங்களைப் பயன்படுத்தலாமா? அவற்றால் யாருடைய அந்தரங்கமும் பாதிக்கப்படாதே.

அந்தரங்கம் பாதிக்கப்படாது, நம்பிக்கை பாதிக்கப்படும். கொலம்பியாவில் 2021இல் நடந்த ஆர்ப்பாட்டங்களைப் பற்றிய பதிவுகளுக்குச் சர்வதேச மன்னிப்புச் சபையின் நோர்வேக் கிளை இத்தகைய படங்களைப் பயன்படுத்தியது. ஆர்ப்பாட்டக்காரர்களின் அடையாளத்தைக் காப்பதே நோக்கம் என்று அது விளக்கியபோதும், எழுந்த விமர்சனத்தால் 2023இல் அவற்றை நீக்க வேண்டியதாயிற்று. உண்மையான மீறல்களை ஆவணப்படுத்தும் ஓர் அமைப்பு பொய்யான படத்தை வெளியிட்டால், நாளை அதன் உண்மையான படத்தையும் 'இதுவும் பொய்தான்' என்று தள்ளிவிட எதிர்த்தரப்புக்கு வசதியாகிவிடும். அடையாளத்தை மறைக்க வேண்டுமென்றால் ஓர் ஓவியரிடம் கோட்டோவியம் வரைந்து வாங்குங்கள். அது ஓவியம் என்பது பார்த்தவுடனே தெரியும். மெய்போலத் தோன்றும் செயற்கைக் காட்சிகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2024 மார்ச் முதல் யூடியூபின் விதியும்கூட.

வெள்ளம், மண்சரிவு போன்ற அனர்த்த வேளையில் எப்படிச் செயற்படுவது?

2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை மூழ்கியபோதும், 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு வீடுகள்மேல் சரிந்தபோதும் மக்களுக்கு முதலில் தேவைப்பட்டது தகவல்: எங்கே தங்கலாம், எங்கே சமைத்த உணவு கிடைக்கும், யாரை அழைக்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குக் கதை வேண்டாம். நிலையத்தின் வாசலில் நின்று ஒரு ஊழியர் தமிழிலும் சிங்களத்திலும் முப்பது விநாடி பேசி, திகதியையும் நேரத்தையும் திரையில் எழுதி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் சேர்த்தால் அது ஆயிரம் உருக்கமான காட்சிகளுக்கு மேல். பழைய வெள்ளத்தின் படங்கள் ஒவ்வொரு வெள்ளத்திலும் புதிதெனப் பரவுவதால், திகதியில்லாத எதையும் வெளியிடவோ பகிரவோ கூடாது.

நெருக்கடியில் தளங்களையே நம்பியிருப்பதும் ஆபத்து. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரலிலும் நம் நாட்டில் சமூக ஊடகங்கள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. பயனாளிகளின் தொலைபேசி இலக்கங்களையும் குறுஞ்செய்தி அனுப்பும் வழியையும் தயாராக வைத்திருங்கள்.

வெறுப்பான பின்னூட்டங்களை என்ன செய்வது?

மறையுங்கள், விவாதிக்காதீர்கள். காணொளியில் தோன்றியவர் அவற்றை வாசிப்பார் என்பதே அளவுகோல். முகநூலிலும் யூடியூபிலும் குறிப்பிட்ட சொற்களைக் கொண்ட பின்னூட்டங்களைத் தடுத்துவைக்கும் வசதி உண்டு. அந்தச் சொற்பட்டியலைத் தமிழ், சிங்களம், ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழ் ஆகிய மூன்றிலும் நிரப்புங்கள். முதல் நாளில் ஒருவர் பொறுப்பாக இருந்து பார்க்க முடியாதென்றால் அந்த நாளில் வெளியிட வேண்டாம். நீங்கள் எழுதுவதற்கும் பொறுப்பு உண்டு: 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் சில வகைப் பொய்யான கூற்றுகளைக் குற்றமாக்குகிறது. அதன் வரையறைகள் பரந்தவை என்ற விமர்சனம் நியாயமானதே. ஆகவே குற்றச்சாட்டு எதையும் ஆவணமின்றிக் காணொளியில் சேர்க்காதீர்கள்.

வைரலாக வேண்டும் என்று எங்கள் நிர்வாகக் குழு எதிர்பார்க்கிறது. எப்படி விளக்குவது?

இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காட்டுங்கள். 2014ஆம் ஆண்டில் தலையில் குளிர்நீரை ஊற்றிக்கொள்ளும் சவால் பரவியபோது, ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்காகப் பணியாற்றும் அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்குச் சில வாரங்களில் 115 மில்லியன் டொலர் சேர்ந்தது. அது அச்சங்கம் திட்டமிட்டுத் தொடங்கியதன்று. வந்ததை நன்றாகப் பயன்படுத்தியது. மற்றையது, 2012 மார்ச்சில் உகண்டாவின் கிளர்ச்சித் தலைவர் ஜோசப் கோனியைப் பற்றிய 'கோனி 2012' என்ற அரைமணிநேரக் காணொளி ஆறே நாளில் பத்துக் கோடிப் பார்வைகளைத் தொட்டது. அதை வடக்கு உகண்டாவின் லிரா நகரில், கோனியின் படை நடத்திய போரினால் பாதிக்கப்பட்ட மக்களுக்கு முன்னால் திரையிட்டபோது அவர்கள் கோபமடைந்து கல்லெறிந்தார்கள். தங்கள் துயரத்தை யாரோ ஒரு வெளிநாட்டவரின் கதையாக அதில் கண்டார்கள். முதலில் லிராவில் திரையிட்டிருந்தால் அது வேறு காணொளியாக வந்திருக்கும்.

அப்படியானால் எதை அளப்பது?

பார்வை எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2025 மார்ச் இறுதியிலிருந்து யூடியூப் குறுங்காணொளி ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை எனக் கணக்கிடுகிறது. எத்தனை பேர் இறுதிவரை பார்த்தார்கள், எந்த விநாடியில் விலகினார்கள் என்பதைக் காட்டும் வரைபடம் பயனுள்ளது. அதைவிடப் பயனுள்ளது அலுவலகத் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி: அழைப்பவரிடம் எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டு எழுதிவையுங்கள்.

பக்கத்தின் கடவுச்சொல் முன்னாள் தொண்டர் ஒருவரிடம் இருக்கிறது. அவர் இப்போது அவுஸ்திரேலியாவில்.

பல அமைப்புகளில் நடப்பதுதான். அவரோடு நல்லுறவு இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். இனி இரண்டு ஊழியர்கள் நிர்வாகிகளாக இருக்க வேண்டும்; இருபடிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்பது) அமைப்பின் சொந்தத் தொலைபேசி இலக்கத்தில் இயங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் தன் காணொளியை நீக்கச் சொன்னால்?

காரணம் கேட்காமல் நீக்குங்கள். திருமணப் பேச்சு, புதிய வேலை, வெளிநாட்டு விசா, வளர்ந்துவிட்ட மகளின் வெட்கம் என எதுவாகவும் இருக்கலாம். அதை உங்களிடம் நிரூபிக்க வேண்டிய கடப்பாடு அவருக்கில்லை. உங்கள் பக்கங்கள், நிதி வழங்குநரின் இணையத்தளம், ஆண்டறிக்கையின் இணையப் பிரதி ஆகிய எல்லாவற்றிலும் நீக்கக்கூடியதாக, எந்தக் காணொளி எங்கெங்கே வெளியானது என்ற பதிவேட்டை ஆரம்பத்திலிருந்தே வைத்திருங்கள். நீக்கிய பின் அவருக்குத் தொலைபேசியில் அறிவித்து, உங்களால் எட்ட முடியாத வட்ஸ்அப் பிரதிகள் இன்னும் இருக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.